அந்தக் கீறல் நான் போட்டதில்லை

புதுப் பொருளைத் துடைத்துக் கொடுக்கிற வேலையில், பொருள் பளபளத்தால் கம்பெனிக்குப் பெயர். ஒரு புள்ளி தெரிந்தால் துடைத்தவளுக்குப் பெயர்.

நகைக்கடையிலோ பாத்திரக்கடையிலோ கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கினவர்கள் இதைப் படித்தால் "ஆமாம் தாயே" என்று தலையாட்டுவீர்கள். நான் துடைத்தது குடமும் குத்துவிளக்கும் இல்லை. துப்பாக்கி. சிரிக்காதீர்கள். எங்க வீட்டுக்காரருக்கு வளைகுடாவில், முசஃபா என்ற இடத்தில் வெல்டிங் வேலை. மகன் சென்னையில் வேலைக்குப் போய்விட்டான். மகள் கல்யாணமாகி பஹ்ரைனில் ஈசா டவுனில் இருந்தாள். இரண்டு பேருக்குச் சோறு பொங்கிவிட்டு நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. மாதா கோயிலுக்கு வருகிற ஒருவர் சொல்லி, ஊருக்கு வெளியே இருந்த ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஏழெட்டு வருஷம் அங்கேதான் ஓடியது.

கிளப்புக்குள் ஒரு கடை. மெம்பர்கள் குறி பார்த்துச் சுடுகிற பிஸ்டல்களை அங்கே வாங்குவார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் புதுத் துப்பாக்கி எண்ணெய்ப் பிசுக்கோடு சீல் வைத்த பெட்டியில் வரும். வாங்குகிறவருடைய போலீஸ் அனுமதிப் பேப்பர் வந்த பிறகுதான் சீலை உடைக்கலாம். உடைத்ததும் பிசுக்கைத் துடைத்து, நம்பர் சரிபார்த்து, திரும்பக் கவரில் வைப்பது என் வேலை. வந்தவர்கள் பாதி இங்கிலீஷிலும் பாதி ஹிந்தியிலும் பேசியதை நான் தமிழில் சொல்கிறேன். எத்தனையோ பார்த்தேன். ஆனால் ஒரு கீறலுக்காக, நான் செய்யாததைச் செய்தேன் என்று கையெழுத்துப் போடச் சொன்னார்களே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மூச்சு வாங்குகிறது.

பெட்டியின் மூலை

சேர்ந்த புதிதில் ஒரு எகிப்துக்காரர் வந்தார். இன்ஜினியர். புதுத் துப்பாக்கியை வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. நான்தான் அரை நாள் துடைத்தேனே! பிறகு பெட்டியைப் பார்த்தார். அட்டைப் பெட்டி. கப்பலிலோ லாரியிலோ இடித்து ஒரு மூலை லேசாக நசுங்கியிருந்தது. எனக்கு இது வேண்டாம், வேறு கொடுங்கள் என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சுடப் போவது துப்பாக்கியாலா, அட்டையாலா என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. எங்கள் கிளப்பில் ஒரு சட்டம் உண்டு. துப்பாக்கியை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, அது எங்கள் இரும்பு அறையில்தான் இருக்க வேண்டும். அதை எனக்கே ஞாபகப்படுத்துவது போல் சொன்னார்: "சிஸ்டர், துப்பாக்கியை நீங்க பூட்டி வச்சுக்கிறீங்க. நான் வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில வச்சு எல்லாருக்கும் காட்டுறது இந்தப் பெட்டியைத்தானே?"

பத்து மணி

ஊரில் கேட்டவர்களிடம் விளையாட்டுச் சாமான் கடையில் வேலை என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். பொய்யில்லை. ஆனாலும் மனசுக்குள் ஒரு உறுத்தல். கையில் பிடித்திருப்பது உயிரை எடுக்கிற சாமான். அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். என் விரலில் ஜெபமாலை மோதிரம் ஒன்று உண்டு. வெள்ளி வளையம், சுற்றிலும் பத்துச் சின்ன மொட்டு, ஒரு சிலுவை. ஒவ்வொரு மொட்டாகத் தள்ளிக்கொண்டே பத்து அருள் நிறை மந்திரம் சொல்லலாம். ஒரு துப்பாக்கி துடைத்து முடிய பத்து மந்திரம் சரியாக இருக்கும். இதிலிருந்து போகிற குண்டு குறி வைக்கிற அட்டையில் மட்டும் படட்டும் தாயே, மனுஷர் மேல் படவேண்டாம் என்று கடைசியில் ஒரு வார்த்தை.

கை வியர்வை பட்டால் இரும்பு துருப்பிடிக்கும் என்று வெள்ளைப் பருத்திக் கையுறை கொடுத்திருந்தார்கள். மோதிரத்துக்கு மேல் கையுறை, கையுறைக்கு மேல் துணி, துணிக்குக் கீழேதான் துப்பாக்கி. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் யூசுப் பாய் விவரம் கேட்டார். கீழக்கரைக்காரர், கிளப்பில் துப்பாக்கி ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக். சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அதான் பார்த்தேன்க்கா, நீங்க துடைச்ச துப்பாக்கியில நம்ம ஆளுங்க சுட்டா குண்டு அட்டையிலகூட படாம பத்திரமா சுவத்துல போய் உக்காருது!"

கண் இமை நீளம்

ஐரோப்பாவிலிருந்து ஒரு புது மாடல் வந்தது. ஆறு பெட்டி. முதல் பேப்பர் அபு காலித் என்ற பெரியவருக்கு வந்தது. அந்த நாட்டு அரபிக்காரர், கிளப் முதலாளிக்குப் பழைய சிநேகிதர். அவர் வருவதற்கு முந்தின நாள் சீலை உடைத்துத் துடைக்க உட்கார்ந்தேன். நாலாவது மந்திரத்தில் கை நின்றுவிட்டது. துப்பாக்கியின் மேல்பாகம் முன்னும் பின்னும் நகருமே, ஸ்லைடு என்பார்கள், அதில் வலது பக்கம் நம்பருக்குப் பக்கத்தில் ஒரு கோடு. கண் இமை மயிர் நீளம்தான் இருக்கும். பிசுக்கோ என்று துடைத்தேன். போகவில்லை. நகத்தை வைத்துப் பார்த்தேன். தட்டியது.

எழுந்து மேனேஜரிடம் கொண்டுபோனேன். மனோகர் சார், சென்னைக்காரர். சீல் உடைத்த அன்றே குறையை எழுதி அனுப்பினால்தான் கம்பெனி மாற்றிக் கொடுக்கும் என்பது எனக்கே தெரியும். "சார், இதில் கீறல் இருக்கு, எழுதி அனுப்பணும்" என்றேன். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டே இரண்டு விரலால் வாங்கிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கக்கூட இல்லை. திருப்பிக் கொடுத்தார். "அது ஒண்ணும் இல்லம்மா, மெஷின்ல வர்றது. எவன் லென்ஸ் வெச்சுப் பாக்கப் போறான்? கவர்ல போட்டு வையுங்க."

மன்னிப்பு

மறுநாள் அபு காலித் வந்தார். துப்பாக்கியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். லென்ஸ் வைக்கவில்லை, மூக்குக் கண்ணாடியை மட்டும் போட்டுக்கொண்டார். "இது என்ன?" என்றார். மனோகர் சார் ஓடிவந்து குனிந்து பார்த்தார். "அய்யய்யோ!" என்றாரே ஒரு அய்யய்யோ! வாழ்க்கையில் அதுவரை அந்தக் கோட்டைக் கண்ணால் கண்டதே இல்லாதவர் மாதிரி. பிறகு அவர் கண் மேஜையெல்லாம் சுற்றி என் கையில் வந்து நின்றது. பேப்பரில் நம்பர் எழுதுவதற்காகக் கையுறையைக் கழற்றியிருந்தேன். "ஸ்டாஃப் மிஸ்டேக் சார். பாருங்க, முள்ளு முள்ளா மோதிரம் போட்டுக்கிட்டு துடைச்சிருக்காங்க" என்றார்.

"சார், நேத்தே நான்..." என்று ஆரம்பித்தேன். "நீங்க உள்ள போங்கம்மா" என்றார். அபு காலித் நல்ல மனுஷர். முகம் சுளிக்கவில்லை, சத்தம் போடவில்லை. எனக்குக் கம்பெனியிலிருந்து வேறு வரவழைத்துக் கொடுங்கள், இந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள் என்று மேனேஜரிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கியிருக்கிறீர்களா? அது பரவாயில்லை, திருப்பிக் கோபப்படலாம். செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிப் பாருங்கள். வாயைத் திறக்க முடியாது. நெஞ்சில் கை வைத்து, சகோதரி என்று கூப்பிட்டுத்தான் சொன்னார்: "உக்தி, மாஃபி முஷ்கில். பரவாயில்லை, நான் மன்னிச்சிட்டேன்."

மூன்று இடத்தில்

இரண்டு நாள் கழித்து மனோகர் சார் ஒரு காகிதம் நீட்டினார். இங்கிலீஷில் டைப் அடித்தது. அடியில் என் பெயர், அதற்கு மேல் ஒரு கோடு, கையெழுத்துக்கு. "முதலாளிக்கு ஒரு பதில் வேணும்மா. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்றார். படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். நான் பத்தாம் கிளாஸ். கல்யாணத்தன்று கோயில் ரிஜிஸ்டரில் போட்டேன், பாஸ்போர்ட்டில் போட்டேன், பிள்ளைகளின் மார்க் ஷீட்டில் போட்டேன். அவ்வளவுதான் என் கையெழுத்தின் சரித்திரம். போட்ட இடத்திலெல்லாம் உண்மைதான் எழுதியிருந்தது.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். "ஏளா, ஒரு கையெழுத்துதான? போட்டுட்டு வேலையப் பாரு. அவன் ஃபைல்ல வச்சுப் பூட்டிருவான், யாரு படிக்கப் போறா?" என்று சாப்பாட்டுத் தட்டை இழுத்துக்கொண்டார். எனக்கு அவர் மேலும் வந்தது ஆத்திரம். மகளுக்கு போன் போட்டு, தெரியாத வார்த்தைகளை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். பிறகு முதலிலிருந்து திரும்பப் படித்தாள். "என்னடி?" என்றேன். "அம்மா, இதுல 'ஒத்துக்கொள்கிறேன்'னு மூணு இடத்துல இருக்கு. கவனமில்லாம வேலை பார்த்தேன்னு ஒண்ணு, மோதிரத்தால கீறினேன்னு ஒண்ணு, இன்னொரு தடவை நடந்தா வேலையை விட்டு அனுப்பலாம்னு ஒண்ணு. நீ மூணையும் ஒத்துக்கிறியா?"

நான்-ஸ்டிக் சட்டி

அன்றைக்கு முட்டை பொரிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் ஒரு கறுப்பு நான்-ஸ்டிக் சட்டி. வீட்டுக்காரர் ஒரு நாள் கரண்டியால் சுரண்டி வைத்திருந்தார். சுரண்டின இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக அலுமினியம் பல்லைக் காட்டியது. கறுப்பு ஏற்றின பொருளை அப்புறம் கீறினால் உள்ளே இருக்கிற நிறம் வெளியே வரும். அந்தத் துப்பாக்கிக்கும் கறுப்புப் பூச்சுதான்; அதில் இருந்த கோடு எப்படி இருந்தது? உள்ளேயும் கறுப்பு! அப்படியென்றால் கோடு முதலில் விழுந்திருக்கிறது, கறுப்பு ஏற்றியது அதற்குப் பிறகு. கடல் தாண்டி எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் விழுந்த கோடு. அப்போது நான் அடுப்படியில் நின்றிருப்பேன்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக யூசுப் பாயிடம் சொன்னேன். திருப்பி அனுப்புவதற்காக அலமாரியில் வைத்திருந்த அந்தத் துப்பாக்கியை எடுத்து, ஒற்றைக் கண் லென்ஸை மாட்டிப் பார்த்தார். "சரியாச் சொன்னீங்கக்கா. உருவாக்குற மெஷின் இழுத்த கோடு. பூச்சுக்கு முந்தினது. குழந்தைக்கும் தெரியும்" என்றார். அப்பாடா என்றிருந்தது. "வாங்க பாய், சார்ட்ட சொல்லுவோம்" என்றேன். லென்ஸைக் கழற்றினார். துடைத்தார். பெட்டியில் வைத்தார். மூடினார். ஒரு லென்ஸை உள்ளே வைக்க இவ்வளவு நேரமா! அப்புறம் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "அக்கா, எனக்கு இந்த மாசம் விசா ரினியூவல். நீங்களே சொல்லுங்களேன், நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

இரண்டு காகிதம்

நானே சொன்னேன். சட்டிக் கதையைச் சொன்னேன். மனோகர் சார், "சமையல் விஷயத்தையெல்லாம் இங்க கொண்டுவராதீங்கம்மா" என்றார். கையெழுத்துப் போட முடியாது என்றேன். போடுகிற வரைக்கும் துப்பாக்கியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த காகிதத்தை வாங்கி அவர் மேஜை டிராயரில் வைத்தார். அன்றிலிருந்து எனக்குக் கடைக் கண்ணாடி துடைக்கிற வேலை. வருகிறவர்கள் எல்லாம், "என்ன சிஸ்டர், இந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்துக்கொண்டு நிற்பேன். கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசையில் முழங்கால் போட்டால் ஜெபம் வராது, கண்ணீர்தான் வரும். தாயே, நான் பெரிய இடம் கேட்கவில்லை, செய்யாததைச் செய்தேன் என்று மட்டும் ஆக்கிவிடாதே என்று அதையே சொல்லிக்கொண்டிருப்பேன்.

மனோகர் சார் படம் எடுத்து அனுப்பியிருந்த புகாருக்கு, இரண்டு வாரம் கழித்துத் தொழிற்சாலையிலிருந்து பதில் வந்தது. அது மேஜை மேல் கிடந்தது. கண்ணாடி துடைக்கிற சாக்கில் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன். நீங்கள் படத்தில் அனுப்பியது கீறலே அல்ல, தயாரிப்பில் இயல்பாக வருகிற தோற்றம், சுடுவதற்கு எந்தத் தடையும் இல்லை, ஆகையால் மாற்றித் தரமுடியாது என்று எழுதியிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் பயம் போய்விட்டது. "சார், இவங்க கீறலே இல்லைங்கிறாங்க. உங்க டிராயர்ல இருக்கிற காகிதம் நான் கீறினேன்னு சொல்லுது. இல்லாத கீறலை நான் எப்படி சார் போட்டேன்?" என்று கேட்டேன். அவர் இரண்டு காகிதத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நிஜமாகவே யோசித்தார். பிறகு சொன்னார்: "அது அவங்க சொல்றதும்மா. இது நாம சொல்றது."

பல் டாக்டர்

மூன்றாம் வாரம் அதே மாடலுக்கு இரண்டாவது பேப்பர் வந்தது. லெபனான்காரர் ஒருவர், பல் டாக்டர். தன் கண் முன்னால்தான் பெட்டியைத் திறக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மனோகர் சாரே கத்தரி எடுத்துச் சீலை வெட்டினார். யூசுப் பாய் பிசுக்கைத் துடைத்தார். நான் ஆறடி தள்ளிக் கண்ணாடித் துணியோடு நின்றேன். தாயே, தாயே என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

டாக்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன லென்ஸை எடுத்தார். பல்லில் சொத்தை தேடுகிறவர் கண்ணுக்கு எது தப்பும்? "இங்கே ஒரு கோடு" என்றார். வலது பக்கம். நம்பருக்குப் பக்கத்தில். கண் இமை நீளம். யூசுப் பாய் போய் அபு காலித்தின் துப்பாக்கியை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். கோட்டுக்குக் கோடு ஒன்று போல் இருந்தது. மனோகர் சார் திரும்பி என்னைப் பார்த்தார். "இந்தப் பெட்டிய நீங்க எப்பம்மா தொட்டீங்க?" என்றார். கத்தரி அப்போதும் அவர் கையில்தான் இருந்தது! டாக்டர்தான் இரண்டு துப்பாக்கியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மேனேஜரைக் கேட்டார்: "உங்க கம்பெனி இதை அளவெடுத்துக் கீறி அனுப்புதா?"

கை கட்டி உட்கார்ந்தது

அந்த வாரமே கிளப்பில் ஒரு போட்டி. கிடங்கிலிருந்து எட்டுத் துப்பாக்கி கெட்டிப் பிசுக்கோடு என் மேஜைக்கு வந்தது. "வாங்கம்மா, உங்க சீட் காலியாத்தான் இருக்கு, யல்லா யல்லா, சீக்கிரம்" என்றார் மனோகர் சார், நான் ஊருக்கு லீவில் போய்த் திரும்பிவந்தவள் மாதிரி. வேறு ஒரு வார்த்தை இல்லை. நான் போய் உட்கார்ந்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டேன். "டிராயர்ல இருக்கிற காகிதத்தை எடுத்து, இது இவங்க செஞ்சதில்லைன்னு எழுதி, நீங்க கையெழுத்துப் போட்டுக் கொடுங்க சார். அபு காலித் ஐயாகிட்டயும் சொல்லணும். அப்புறம் துடைக்கிறேன்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். பெற்ற பிள்ளைகளிடம்கூட அப்படிப் பேசினதில்லை.

முதலில் சிரித்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு யூசுப் பாயைப் பார்த்து, "நீங்க துடைங்க பாய்" என்றார். பாய் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "எனக்குக் காலையிலேருந்து கை வலி சார்" என்றார். விசா என்ன ஆனதோ, அந்த மனுஷர் அன்றைக்கு அதைச் சொன்னார். மேனேஜர் டிராயரைத் திறந்தார். காகிதத்தைக் கிழிக்கப் போனார். கிழிக்க வேண்டாம், எழுதுங்கள் என்றேன். எழுதினார். கீறல் தொழிற்சாலையில் வந்தது, ஊழியர் காரணம் அல்ல. ஒரு வரி, அடியில் கையெழுத்து. அபு காலித்திடமும் சொல்கிறேன் என்றார். மன்னிப்பு மட்டும் வாயில் வரவில்லை. காகிதத்தை என் பக்கம் தள்ளிக்கொண்டே என்னைக் கேட்டார்: "ஒரு கையெழுத்துக்குப் போய் இவ்வளவு அடமா உங்களுக்கு?"

ஒரிஜினல்

சொன்னபடி அபு காலித்திடம் பேசினார். என்ன பேசினார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. துடைத்தவள் மேல் தப்பில்லை என்று சொன்னால், பின்னே யார் மேல் தப்பு என்று கேட்பாரே! அதனால் மனோகர் சார், அது கீறலே இல்லை, அந்தக் கம்பெனி தன் அசல் துப்பாக்கியில் மட்டும் போடுகிற ரகசிய அடையாளம் என்று சொல்லிவிட்டார். பெரியவர் நம்பிவிட்டார். அந்தத் துப்பாக்கியையே திரும்ப வாங்கிக்கொண்டார். என்னைப் பார்த்தபோது, "உக்தி, இது அடையாளம்னு அன்னிக்கே நீ சொல்லியிருக்கக் கூடாதா?" என்று சிரித்துக்கொண்டே குறைப்பட்டார். பையில் இருந்த காகிதத்தைக் காட்டலாமா என்று கை போனது. அது கறை இல்லாத மனசோடு சிரிக்கிற முகம். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அவர் போய்த் தன் சிநேகிதர்களிடமெல்லாம் லென்ஸ் வைத்துக் காட்டியிருக்கிறார். பாக்கி இருந்த நாலு பெட்டியும் ஒரே மாதத்தில் போய்விட்டது.

அடுத்த வருஷம் அதே மாடலில் புதுச் சரக்கு வந்தது. தொழிற்சாலையில் மெஷினைச் சரி செய்துவிட்டார்கள் போல. ஒரு இடத்திலும் கோடு இல்லை. பத்து மந்திரம் சொல்லித் துடைத்து, சந்தோஷமாகக் கவுண்டரில் வைத்தேன். வாங்க வந்தவர் ஒரு இளவயசு ஆபீசர். வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. துப்பாக்கியை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்: "கோடு எங்கே? துடைக்கிறேன்னு அழிச்சிட்டீங்களா, இல்லை இது டூப்ளிகேட்டா?"

முதலில் ஒன்றுமில்லாததாக இருந்து, பிறகு என்னுடையதாகி, கடைசியில் கம்பெனிக்கே பெருமையாகிவிட்ட அந்தக் கீறலுக்கு ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள், அதற்காக நான் அழுத மூன்று வாரத்துக்குத்தான் இன்றுவரை யாரும் ஒரு பெயரும் வைக்கவில்லை.